இரும்புக்கை மாயாவி: கை மாறிய கதை

நீளமான இழை, மக்களே. ஒரு டீ போட்டு எடுத்துட்டு வந்து உட்காருங்க.

போன மாசம் ஒரு சாயங்காலம் வாலாஜாபாத்தில் என் கிளினிக்குக்கு ஒரு பையன் வந்தான். வயசு இருபத்து நாலு. ஒரகடம் பக்கம் ஒரு சின்ன கம்பெனியில் பிரஸ் மெஷின் ஓட்டுறான், காண்டிராக்ட் வேலை. வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதியோடு போயிருந்தன. ஆபரேஷன் வேறு இடத்தில் முடிந்துவிட்டது. தையல் பிரிக்கத்தான் என்னிடம் வந்தான். உட்கார்ந்த பிறகும் அந்தக் கை பேன்ட் பாக்கெட்டை விட்டு வெளியே வரவில்லை. நான் கேட்ட பிறகுதான் எடுத்தான்.

கூட வந்த அப்பா தறி நெய்தவர். அறுபது வயசு இருக்கும். என்னைப் பார்த்துச் சிரிக்க முயற்சி பண்ணிக்கிட்டே சொன்னார்: "எம் புள்ள இரும்புக்கை மாயாவி ஆயிட்டான் சார்."

பையன் அப்பாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "யாரு சார் அது?"

பல வருஷமா விரல் போன கைகளுக்குக் கட்டுப் போடுறேன். இந்தக் கேள்விக்கு உடனே பதில் வரலை. டாக்டரா சொல்றதா, எட்டாங்கிளாஸ்ல பாடப் புத்தகத்துக்குள்ள முத்து காமிக்ஸ் ஒளிச்சு வச்சுப் படிச்ச ஆளா சொல்றதா? அன்னிக்கு ரெண்டு நிமிஷத்துல சொல்ல முடியாததை இங்கே எழுதுறேன்.

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடறேன். நான் சொல்றது காட்டுல குதிரை மேல வர்ற முகமூடி வீரர் இல்லை. ராணி காமிக்ஸ்ல அவருக்கும் மாயாவின்னுதான் பேரு. நம்ம ஆள் கோட்டு சூட்டு போட்ட வெள்ளைக்காரர். பேரு லூயிஸ் கிராண்டேல். வலது கை மணிக்கட்டுக்குக் கீழே இரும்பு. மின்சாரம் உடம்பில் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவார். இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும்.

இவர் பிறந்தது சிவகாசியில் என்று சின்ன வயசில் நான் சத்தியமாக நம்பினேன். பிறந்தது லண்டனில். 'வேலியன்ட்' என்ற சிறுவர் வாரப் பத்திரிகையில், 1962 அக்டோபர் 6-ம் தேதி. எழுதியவர் கென் புல்மர், அறிவியல் கதைகளை மூட்டை மூட்டையாக எழுதித் தள்ளியவர். வரைந்தவர் ஜீசஸ் பிளாஸ்கோ, பார்சிலோனாக்காரர். அந்தக் காலத்தில் ஸ்பெயின் ஓவியர்கள் நிறையப் பேர் ஊரில் இருந்தபடியே பிரிட்டிஷ் பத்திரிகைகளுக்குப் படம் வரைந்து அனுப்பினார்கள். பவுண்டில் வரும் கூலி உள்ளூர்க் கூலியை விட நல்ல கூலி. பிளாஸ்கோ வீட்டில் தம்பிகளும் சேர்ந்து வேலை செய்தார்கள். நம்மூர்த் தறி வீடு மாதிரிதான்.

ஆரம்பக் கதை இதுதான். கிராண்டேல் ஒரு ஆய்வுக்கூட உதவியாளர். பேராசிரியர் பேரிங்கரிடம் வேலை. அதற்கு முன்னாடியே ஆய்வுக்கூட விபத்து ஒன்றில் வலது கை போய், இரும்புக் கை பொருத்தியிருக்கிறார்கள். இதைக் கொஞ்சம் கவனிங்க. வேலை செய்த இடத்தில் கை போன தொழிலாளிதான் நம்ம கதாநாயகன். அப்புறம் இன்னொரு விபத்து. இயந்திரம் வெடித்து, ஆயிரக்கணக்கான வோல்ட் மின்சாரம் உடம்பில் பாய்கிறது. ஆள் மறைந்து போகிறார். மறைந்தவர் நல்லது செய்யப் புறப்படவில்லை. புத்தி பேதலித்துக் கொள்ளை அடிக்கப் போகிறார். ஊரையே மிரட்டுகிறார்.

ஆமாம், இரும்புக்கை மாயாவி வில்லனாகத்தான் தொடங்கினார். 'கொள்ளைக்கார மாயாவி' என்ற தலைப்பைப் பார்த்து, "நம்ம மாயாவி எப்படிக் கொள்ளைக்காரர் ஆவார், இது வேற எவனோ போலி"ன்னு நான் சண்டை போட்டது ஞாபகம் இருக்கு.

டாக்டரா ஒரு இடைச்செருகல். சுவிட்ச் போர்டு ஓட்டைக்குள்ள விரலை விட்டுப் பார்த்த தலைமுறை நம்ம தலைமுறை. சிரிச்சுக்கிட்டே சொல்லுவோம். ஆனா வீட்டு மின்சாரம் 230 வோல்ட். பத்துப் பதினைந்து மில்லி ஆம்பியர் கையில் பாய்ந்தாலே விரல் தசைகள் இறுகி, பிடித்த கம்பியை விட முடியாது. மடக்குற தசைக்கு நீட்டுற தசையை விட பலம் ஜாஸ்தி, அதனாலதான் ஒட்டிக்குது. நூறு மில்லி ஆம்பியர் நெஞ்சு வழியாகப் போனால் இதயம் ஒழுங்காகத் துடிப்பதை நிறுத்தி நடுங்க ஆரம்பித்துவிடும். மறையறது உண்மைதான், ஆனா மொத்தமா. பேரப்பிள்ளைகளுக்கு மாயாவி புத்தகம் கொடுக்கிறவங்க இதையும் சேர்த்துச் சொல்லிடுங்க.

சரி, கதைக்கு வருவோம். புல்மரின் கிராண்டேல் ஒரு நல்ல பயமுறுத்தல். ஆனா பயமுறுத்தல் எத்தனை வாரம் ஓடும்? பைத்தியம் தெளிந்து, உலகம் மன்னித்துவிட்டது. இனிமே அந்த மனுஷன் என்ன பண்ணுவார்? இங்கேதான் கை மாறுகிறது. முதல் சில கதைகளுக்குப் பிறகு எழுத்து டாம் டல்லியிடம் போகிறது. 'ராய் ஆஃப் தி ரோவர்ஸ்' என்ற கால்பந்துத் தொடரைப் பல வருஷம் எழுதியவர் இவர்தான். வாராவாரம் ரெண்டு மூணு பக்கம், கடைசிக் கட்டத்தில் ஒரு ஆபத்து, அடுத்த வாரம் வரை பையன்களைத் தவிக்க விடணும். அந்தத் தொழிலில் கரை கண்டவர்.

டல்லி கையில் கிராண்டேல் 'நிழற்படை' என்ற ரகசிய அமைப்பின் உளவாளி ஆகிறார். நம்ம வாசகர்கள் அறிந்த மாயாவி இவர்தான். இரும்பு விரலுக்குள் துப்பாக்கி, உள்ளே வானொலி. ஆனால் கதையை நிமிர்த்தியது இந்தக் கருவிகள் இல்லை என்று நினைக்கிறேன். டல்லி ஒரு விதியை விடாமல் பிடித்தார்: மறைவதற்கு மின்சாரம் வேணும். எதிரி அறையில் அடைத்துவிட்டான், விளக்கும் இல்லை, கம்பியும் இல்லை. மாயாவி என்ன செய்வார்? கொஞ்ச நேரத்தில் சக்தி தீர்ந்து உருவம் தெரிய ஆரம்பிக்கும், கால் முதலில் தெரியுமா தலை முதலில் தெரியுமா என்று நாம் பதறுவோம். எதையும் செய்ய முடிகிற நாயகனிடம் கதை நிற்காது. செய்ய முடியாதது என்ன என்று எழுதியவருக்குத் தெரிந்திருக்கணும்.

இன்னொரு விஷயம். ஆள் முழுசா மறைஞ்சாலும் இரும்புக் கை மறையாது. அவரைக் காட்டிக் கொடுப்பது அதுதான். அவருடைய காயம்தான் அவருடைய அடையாளம். கோட்டுக்குள்ள ஒளிச்சு வைப்பார், கையுறை போடுவார், மேஜைக்கு அடியில் வைப்பார். பேன்ட் பாக்கெட்டில் கை வைத்திருந்த அந்தப் பையனைப் பார்த்தப்ப எனக்கு இந்தக் கட்டங்கள்தான் ஞாபகம் வந்தன.

பிளாஸ்கோ அந்தக் கையை வரைந்த விதத்தைப் பற்றித் தனியாகவே எழுதலாம். பாதி ராத்திரி, நனைந்த தெரு, ஜன்னல் கண்ணாடியில் ஒரு கை மட்டும். கறுப்பு மையை அவர் தண்ணி மாதிரி செலவழிப்பார். அந்தக் கையில் உடற்கூறு சரியாக இருக்கும். கட்டைவிரல் எதிரே வந்து சேர்கிற கோணம், பிடிக்கும்போது சுண்டுவிரல் பக்கம் இறுகுவது, எல்லாம் நிஜக் கைக்குரியவை. எம்.பி.பி.எஸ். முதல் வருஷம் கை அறுத்துப் பார்க்கும் வகுப்பில் இதை நினைத்துக்கொண்டேன். சொன்னா சிரிப்பாங்கன்னு யார்கிட்டயும் சொல்லலை.

அப்புறம் சறுக்கல். 1966-ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் பேட்மேன் வந்து உலகமே அந்த ஜுரத்தில் கிடந்தது. லண்டன் ஆசிரியர்களுக்கும் தொற்றிக்கொண்டது. நம்ம ஆளுக்கும் முகமூடி, உடம்போடு ஒட்டின உடை எல்லாம் மாட்டி, முழு சூப்பர் ஹீரோ ஆக்கிவிட்டார்கள். எழுத்தாளரும் மாறவில்லை, ஓவியரும் மாறவில்லை. ஆனாலும் கதை தளர்ந்து போச்சு. காரணம் எளிது. முழு உடம்புக்கும் வேஷம் போட்ட பிறகு கையை யார் பார்ப்பாங்க? ஒளிக்க வேண்டியவன் ஊர் பார்க்க அலங்காரம் பண்ணிக்கிட்டு நிக்கிறான்.

நோயாளிக்குத் தேவை இல்லாத மருந்தை ஒவ்வொன்றாக நிறுத்தினாலே பாதி பேர் எழுந்து உட்காருவார்கள் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்த பேராசிரியர் ஒருத்தர் இருந்தார். கிராண்டேலுக்கும் அதே வைத்தியம்தான் நடந்தது. சில கதைகளுக்குப் பிறகு உடையைக் கழற்றிவிட்டார்கள். பழையபடி ஒரு மனுஷன், ஒரு இரும்புக் கை, ஒரு மின்சாரக் கம்பி. கதை பிழைத்துக்கொண்டது. தொடர் 1970-ல் நின்று, மறுவருஷம் மீண்டும் தொடங்கி, 1973 வரை போனது.

இதில் வேடிக்கை, அந்தப் பத்திரிகைகளில் எழுதியவர் பெயரோ வரைந்தவர் பெயரோ போட மாட்டார்கள். ஆள் மாறியது எந்தப் பையனுக்கும் தெரியாது. நாடி மாறியது மட்டும் தெரியும். "இப்பல்லாம் மாயாவி முந்தி மாதிரி இல்லடா" என்று லண்டன் பையனும் சொல்லியிருப்பான், பின்னாடி காஞ்சிபுரத்தில் நாங்களும் சொன்னோம்.

ஸ்பைடர் ரசிகர்கள் கோபப்படாதீங்க, அவரையும் சொல்லாமல் போக மாட்டேன். குற்றச் சக்கரவர்த்தி ஸ்பைடர், 1965-ல் பிரிட்டனின் 'லயன்' வாரப் பத்திரிகையில் வந்தவர். தொடங்கியவர் டெட் கோவன், வரைந்தவர் ரெக் பன். கூர்மையான காது, வலை வீசும் துப்பாக்கி, ஆர்டினி, பெல்ஹாம் என்று இரண்டு கூட்டாளிகள், உலகக் கொள்ளையர்களுக்கெல்லாம் ராஜா ஆகணும் என்ற வெறி. அடுத்த வருஷமே எழுத்து ஜெர்ரி சீகல் கைக்குப் போனது. யார் இந்த சீகல்? ஜோ ஷஸ்டருடன் சேர்ந்து சூப்பர்மேனைப் படைத்தவர். 1938-ல் இருவருமாக அந்த உரிமையை 130 டாலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, வாழ்நாள் எல்லாம் வழக்காடியவர்கள். உலகத்தின் முதல் பெரிய சூப்பர் ஹீரோவைக் கண்டுபிடித்த மனுஷன், முப்பது வருஷம் கழித்து, கடல் தாண்டி, பேர் போடாத ஒரு சிறுவர் பத்திரிகைக்கு வாரக் கூலிக்கு எழுதுகிறார்.

சீகல் வந்ததும் ஸ்பைடர் திருந்திக் குற்றவாளிகளைப் பிடிக்க ஆரம்பித்தார், கதைகள் பிரம்மாண்டமாகப் போயின. சக்தியைக் கூட்டிக் கூட்டிப் போட்டார் சீகல். எனக்குக் கோவனின் பழைய திருட்டு ஸ்பைடர்தான் பிடிக்கும். ஆனா லயனில் ஸ்பைடர் வந்த மாசம் கடையில் புத்தகம் தீர்ந்து போகும் என்பதையும் மறைக்க மாட்டேன். கை மாறினால் ஒவ்வொரு தடவையும் எல்லாருக்கும் பிடிக்கும்னு இல்லை.

இப்போ கடல் தாண்டி நம்ம ஊருக்கு வருவோம். மாயாவிக்கு அமைந்த மிகப் பெரிய புதுக் கைகள் சிவகாசியில்தான் இருந்தன.

சிவகாசியில் அச்சுத் தொழிலுக்குப் பஞ்சமே கிடையாது. காலண்டர், தீப்பெட்டி லேபிள், பட்டாசு லேபிள். அங்கே சௌந்தரபாண்டியன் என்பவர் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். 1972 ஜனவரியில் முதல் இதழ். தலைப்பே 'இரும்புக்கை மாயாவி'. ஆசிரியராக இருந்தவர் முல்லை தங்கராசன்.

அந்தத் தலைப்பை ஒரு நிமிஷம் பாருங்க. ஆங்கிலத்தில் அவர் பெயர் 'தி ஸ்டீல் க்ளா'. க்ளா என்றால் கழுகுக்கும் புலிக்கும் இருக்கிற கூர்நகம். உருக்கு நகம். பிறாண்டுவதற்கு உள்ளது. சிவகாசியில் அதைக் கை என்று எழுதினார்கள். அதோடு மாயாவி என்று சேர்த்தார்கள். அங்கே ஆயுதத்தின் பெயர் இருந்த இடத்தில் இங்கே ஒரு உறுப்பின் பெயர் வந்து உட்கார்ந்தது. வேணும்னே யோசிச்சு வச்சாங்களா, வாய்க்கு நல்லா வந்துச்சுன்னு வச்சாங்களா, எதுவா இருந்தாலும் சரி. டல்லிக்கு எழுதி எழுதிப் புரிந்ததை ஒரு தலைப்பில் வைத்துவிட்டார்கள்.

மருத்துவத்தில் இந்த 'க்ளா' எங்களுக்கு வேறு மாதிரி பழக்கம். தொழுநோயில் நரம்பு கெட்டு விரல்கள் மடங்கிப் போகும் நிலையை 'க்ளா ஹேண்ட்' என்போம். இங்கிருந்து செங்கல்பட்டு அரை மணி நேரப் பயணம். அங்கே திருமணியில் இருந்த தொழுநோய் மருத்துவமனையில்தான் 1947 வாக்கில் பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் அந்தக் கைகளை முதன்முதலில் உற்றுப் பார்த்தார். மடங்கிய கையைப் பிடித்துப் பார்த்தவர் அதில் இன்னும் நல்ல பலம் இருப்பதைக் கண்டு அசந்துபோனார். அப்புறம் வேலூர் சி.எம்.சி.யில், உயிரோடு இருக்கும் தசைநாண்களை இடம் மாற்றித் தைத்து, அந்த விரல்களைத் திறக்க வைத்தார். ஊர் 'நகம்' என்று ஒதுக்கியதை அவர் கை என்று பார்த்தார். சரி, இது காமிக்ஸ் இழை, திரும்பி வருகிறேன்.

முத்து காமிக்ஸ் கதைகளை வந்த வரிசையில் போடவில்லை. 'நாச அலைகள்', 'பாம்புத் தீவு', 'உறைபனி மர்மம்', 'பிளைட் 731', 'பாதாள நகரம்', 'இமயத்தில் மாயாவி' என்று எது கைக்கு வந்ததோ அது. அதனால நமக்கு மாயாவியின் உயர்வு தாழ்வு எல்லாம் கலைஞ்ச சீட்டுக்கட்டு மாதிரிதான் கிடைச்சது. ஒரு மாசம் அருமையா இருக்கும், அடுத்த மாசம் முகமூடியோட வந்து நிப்பார், ஏன்னே புரியாது. கூடவே லாரன்ஸ் டேவிட், ஜானி நீரோ. மாயாவியோடு சேர்த்து மும்மூர்த்திகள் என்போம். அந்த வயதில் எங்கள் ஊரில் வாடகை நூலகத்தில் ஒரு நாளைக்கு இத்தனை காசு என்று எடுப்போம். பின்னட்டை இல்லாமல்தான் வரும். முடிவைத் தெரிந்துகொள்ள வேறு பையன் வீட்டுக்குப் போகணும்.

பிறகு முத்துவும் தளர்ந்தது. அப்போது கை மாறியது வீட்டுக்குள்ளேயே. 1984 ஜூலையில் சௌந்தரபாண்டியனின் மகன் விஜயன் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். பதினேழு வயசு. காலேஜ் போக வேண்டிய வயசு. முதல் இதழ் 'கத்தி முனையில் மாடஸ்டி'. அதே மாசம் ராணி காமிக்ஸும் ஜேம்ஸ் பாண்டோடு களத்தில் இறங்கியது. பெரிய பத்திரிகை நிறுவனத்துக்கு எதிரே ஒரு பையன். அவர் தப்பித்தது ஸ்பைடரால் என்பேன். 'எத்தனுக்கு எத்தன்' வந்ததும் பையன்கள் பைத்தியம் ஆனார்கள். பின்னாலேயே சட்டித்தலையன் ஆர்ச்சி. 1985-ல் டெக்ஸ் வில்லர். முத்துவும் விஜயன் கைக்கே வந்து சேர்ந்தது.

நாங்கள் படித்த தமிழுக்கு ஒரு ஓசை உண்டு. அடிபட்டு விழுகிறவன் கத்துவது, எதிரி கிண்டல் பண்ணுவது எல்லாம் நம்ம ஊர்ச் சந்தையில் கேட்ட பேச்சு மாதிரி இருக்கும். ஆங்கில மூலத்தைப் பிற்பாடு படித்தபோது சப்பென்று இருந்தது. எழுதியவரும் வரைந்தவரும் மட்டும் ஒரு படைப்புக் குழு இல்லை. மொழிபெயர்க்கிறவர், எழுத்து கோக்கிறவர், எந்தக் கதை வேண்டும் வேண்டாம் என்று முடிவு பண்ணுகிறவர், எல்லாரும் சேர்ந்ததுதான். பிரிட்டனிலேயே மறந்து போன ஒரு ஆளை இங்கே நாற்பது ஐம்பது வருஷம் உயிரோடு வைத்திருந்தார்கள் இல்லையா?

கேபிள் டிவி வந்தது, 2000-களில் இதழ்கள் எப்போ வரும் எப்போ வராது என்றே தெரியாத நிலை. சந்தா கட்டிவிட்டு மாசக்கணக்கில் காத்திருந்தோம். 2012 ஜனவரியில் சென்னை புத்தகக் காட்சிக்கு 'கம்பேக் ஸ்பெஷல்' வந்தது. பத்து ரூபாய் சாணித்தாள் போய், வழவழ தாள், வண்ணம், பெரிய அளவு. லார்கோ வின்ச் மாதிரி புதுப் பிரெஞ்சுக் கதைகளும் அந்த வருஷமே வர ஆரம்பித்தன. நிஜமாகவே திரும்பி வந்துவிட்டார்கள்.

ஆனா பெருசுகள் விடலையே. "மாயாவியைப் போடு, மாயாவியைப் போடு." மறுபதிப்புகளும் வந்தன. 2022-ல் முத்துவுக்கு ஐம்பது வயசு. நானும் எல்லாத்தையும் வாங்கி அடுக்கி வச்சிருக்கேன். என் மகளிடம் ஒன்றைக் கொடுத்தேன். பதினைந்து பக்கத்தில் மூடிவிட்டாள். "அப்பா, ஒவ்வொரு ரெண்டு பக்கத்துக்கும் ஒரு தடவை சாகப் போறாரு, சாக மாட்டேங்கிறாரு." வாரத் தொடரை ஒரே மூச்சில் படித்தால் அப்படித்தான் இருக்கும், அவள் சொன்னது தப்பில்லை. பழைய கதையை நல்ல தாளில் அச்சடிப்பது எங்களுக்குச் சந்தோஷம். அதை மறுபிறப்புன்னு சொல்ல எனக்கு மனசு வரலை. விஜயன் மறுபதிப்பை மட்டும் நம்பி இருந்திருந்தால் அந்தக் கடை எப்போதோ மூடியிருக்கும்.

பிரிட்டனில் அசல் ஆளுக்கு இன்னும் சில கைகள் கிடைத்தன. 2005-ல் 'ஆல்பியன்' என்று ஒரு தொடர். கதைக் கருவை வகுத்தவர் ஆலன் மூர், எழுதியவர்கள் அவர் மகள் லியா மூரும் ஜான் ரெப்பியனும், வரைந்தவர் ஷேன் ஓக்லி. பழைய நாயகர்களை எல்லாம் அரசாங்கம் ஸ்காட்லாந்தில் ஒரு கோட்டைக்குள் அடைத்து வைத்திருக்கிறது, கிராண்டேலும் உள்ளே, ஸ்பைடரும் உள்ளே. பிறகு ஆக்ஸ்ஃபோர்டில் இருக்கும் ரெபெல்லியன் என்ற நிறுவனம் பழைய பத்திரிகைகளின் உரிமையை 2016-லும் 2018-லும் வாங்கி, பிளாஸ்கோவின் பக்கங்களைச் சுத்தமாக மறுபடி அச்சிட்டது. புதுக் கதைகளும் வந்தன. 'ஆல்பியன்' கெட்டிக்காரத்தனமான கதை. ஆனால் அதில் மாயாவி ஒரு நினைவுச் சின்னம், கூட்டத்தில் ஒருத்தர். அவர் காலையில் எழுந்து ஒற்றைக் கையால் சட்டைப் பொத்தானை எப்படிப் போடுகிறார் என்று யாராவது எழுத மாட்டார்களா என்று நான் இன்னும் காத்துக்கொண்டிருக்கிறேன்.

இனி அந்தப் பையனிடம் வருகிறேன்.

முத்து காமிக்ஸ் வந்த அதே 1970-களின் தொடக்கத்தில், சென்னையில் ஸ்டான்லி மருத்துவமனையில் ஆர். வெங்கடசாமி என்ற பேராசிரியர் கை அறுவைக்கென்றே ஒரு துறையைக் கட்டி எழுப்பினார். வடசென்னைத் தொழிற்சாலைகளில் நசுங்கிய கைகள் அங்கேதான் போயின. இங்கேயும் இன்னிக்கு அதே கதைதான். பிரஸ் மெஷினில் ரெண்டு பட்டன் இருக்கும், ரெண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் அச்சு இறங்கும். கை உள்ளே போக வழியே இல்லை. வேகம் பத்தலை என்று ஒரு பட்டனை டேப் போட்டு ஒட்டிவிடுவார்கள், இல்லை கால் மிதியை மாட்டிவிடுவார்கள். என்னிடம் வருகிறவர்கள் சொல்லும் கதை பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்று.

வண்டலூர் ரோட்டில் தினமும் கம்பெனி பஸ்ஸில் போகிறவர்கள் இதைப் படித்தால் இரண்டு விஷயம் மனசில் வையுங்க. விரல் துண்டாகிவிட்டால் நேராக ஐஸில் போடாதீங்க, செத்துப்போகும். சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டு இறுக்கக் கட்டி, அந்தக் கவரை ஐஸ் தண்ணீரில் வைத்து, விரலையும் ஆளையும் ஒரே வண்டியில் அனுப்புங்க. ரெண்டாவது, ஈ.எஸ்.ஐ. நம்பர் இருக்கா என்று இன்றைக்கே பாருங்க. வேலையில் விரல் போனால் மெடிக்கல் போர்டு சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்று சதவீதம் போடும், அதற்கேற்ற தொகை ஆயுசுக்கும் வரும். விபத்து நடந்ததை எழுத்தில் பதிவு பண்ணியிருக்கணும். காண்டிராக்ட் ஆளுக்கும் இது உண்டு.

பையனிடம் அன்றைக்கு இவ்வளவும் சொல்லலை. தையலைப் பிரிச்சுக்கிட்டே, "கை போன ஒரு லேப் அசிஸ்டென்ட்டோட கதை தம்பி"ன்னு மட்டும் சொன்னேன். அடுத்த வாரம் டிரஸ்ஸிங்குக்கு வந்தப்ப என் அலமாரியில் இருந்து ஒரு மறுபதிப்பை எடுத்து அப்பா கையில் கொடுத்தேன்.

மூணாவது தடவை வந்தான். புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தான். எப்படி இருந்துச்சுன்னு கேட்டேன்.

"கதை இழுக்குது சார். படம் சூப்பர்." கொஞ்சம் யோசிச்சுட்டுக் கேட்டான்: "முதல்ல கை போச்சுல்ல, அந்த லேப்ல அவருக்கு காம்பன்சேஷன் ஏதாச்சும் குடுத்தாங்களா?"

அறுபது வருஷமா எழுதினவங்க ஒருத்தருக்கும் தோணாத கேள்வி. அப்பா வாய்விட்டுச் சிரிச்சுட்டார்.

விபத்து அறிக்கையின் நகலைக் கொண்டு வந்திருந்தான். அந்தக் கையாலேயே எடுத்து மேஜை மேல் வைத்தான். சர்டிபிகேட் எழுதிக் கொடுத்திருக்கேன். அடுத்த மாசம் மெடிக்கல் போர்டு.